கதிரவன் முகத்து மங்கு

அரபி மொழியில் ‘கலஃப்’ என்று ஒரு சொல் உண்டு. முகத்தில் படரும் பழுப்புத் திட்டுக்கு அரபியர் இட்ட பெயர் அது. நம் வீட்டுப் பெண்மக்கள் அதனை ‘மங்கு’ என்பர். இக்காலத்து அரபு வானியல் நூல்கள் கதிரவனின் மேல் தோன்றும் கரும்புள்ளிகளையும் இதே சொல்லால்தான் குறிக்கின்றன. அழகிய முகத்தில் மங்கு விழுந்தால் மனம் வருந்துகிறது. அதை மறைக்க முயல்கிறோம். கதிரவன் முகத்திலும் மங்கு உண்டு என்ற செய்தியை உலகம் நெடுங்காலம் இவ்வாறே எதிர்கொண்டது. கண்டவர்கள் தம் கண்ணையே ஐயுற்றார்கள். அல்லது கண்டதற்கு வேறு பெயர் சூட்டினார்கள்.

பிற்காலத்தில் அந்த மங்கினை நாள்தோறும் எண்ணியும் வரைந்தும் படம் பிடித்தும் உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் யார்? அவர்களுள் பலர் அரசவை வானியலாரும் அல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். ஒருவர் மருந்துக்கடைக்காரர், ஒருவர் மதுவாலை உரிமையாளரின் மகன், ஒருவர் காகிதத் தொழிலதிபர், ஒருவர் பள்ளி ஆசிரியர். சம்பளமும் பட்டமும் கருதாமல், ஆசை ஒன்றாலேயே வானை நோக்கியவர்கள் இவர்கள். கையில் இருந்தவையும் பெரும்பாலும் சிறிய தொலைநோக்கிகளே. அவர்களுடைய வரலாற்றைச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணை இழந்து கற்ற பாடம்

கதிரவனை ஆராய்வோர்க்கு முதல் இடர் கதிரவனின் ஒளியே. மற்ற விண்பொருள்களுக்கு ஒளி போதாது என்று வருந்துகிறோம். இங்கோ மிகையான ஒளியே பகை. இந்த உண்மையைத் தம் கண்ணைக் கொடுத்துக் கற்றவர் அறிஞர் அல்பீரூனி (973-1048). ஊர்களின் தொலைவுகளையும் நில அளவைகளையும் பற்றி அவர் எழுதிய ‘தஹ்தீது’ என்னும் நூலில் இதற்கான குறிப்பு இருக்கிறது. இளமையில் சூரிய கிரகணங்களை நேராக நோக்கியதால் தம் பார்வை மங்கிவிட்டது என்று அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். நேரே நோக்குவதைவிடத் தண்ணீரில் விழும் பிம்பத்தைக் காண்பது நல்லது என்றும் அறிவுறுத்துகிறார். தண்ணீர்ப் பிம்பமும் கண்ணுக்குப் பாதுகாப்பானதன்று என்பது இன்றைய மருத்துவ அறிவு. எனினும், தாம் செய்த பிழையைப் பின்வருவோர்க்குப் பாடமாக எழுதி வைத்த நேர்மை போற்றத்தக்கது.

அதே காலத்தில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கதிரவனை நேரே பாராமல் ஆராயும் வழியை விளக்கினார். ‘கிரகணத்தின் வடிவம்’ பற்றி அவர் தனியே ஒரு சிறு நூல் இயற்றியிருக்கிறார். ஒரு குறுகிய வட்டத் துளையின் வழியே கிரகண காலத்துக் கதிரொளி புகுந்து எதிர்ப்பரப்பில் விழும்போது, துளை வட்டமாக இருந்தும் விழும் ஒளி பிறைவடிவாக இருப்பது ஏன்? பிறைநிலவின் ஒளி அதே துளை வழியே வந்தால் பிறைவடிவம் தோன்றாதது ஏன்? இவ்வினாக்களை எழுப்பி, துளையின் அளவையும் ஒளி செல்லும் தொலைவையும் கணக்கிட்டு அவர் விடை தேடினார். இன்று நாம் கையாளும் புகைப்படக் கருவியின் வரலாற்றை எழுதுவோர் இந்நூலைக் குறிப்பிடாமல் செல்வதில்லை.

இதனை நம்மவர் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். 2019 டிசம்பர் 26 அன்று காலை திண்டுக்கல், கோவை வட்டாரங்களில் வளையக் கிரகணம் நிகழ்ந்தது. அப்போது மரத்தடி நிழலில் ஆயிரக்கணக்கான ஒளி மோதிரங்கள் சிதறிக் கிடந்தன. இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் இப்னுல் ஹைதமின் துளையாக வேலை செய்தன. அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவர்களும் உண்டு. சூரியனோ சந்திரனோ எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் அடைவதில்லை என்று, அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளிலேயே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியிருக்க, நமக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. கண்ணைக் காக்கும் எச்சரிக்கை மட்டுமே வேண்டும்.

கண்டும் அறியாதவர்கள்

கதிரவனின் கரும்புள்ளிகளுள் மிகப் பெரியவை வெறுங்கண்ணுக்கும் புலப்படும். காலையிலோ மாலையிலோ அடர்ந்த மூடுபனியும் தூசியும் ஒளியைத் தணிக்கும்போது அவை தற்செயலாகக் கண்ணில் படும். சீன நாட்டார் கி.மு. 28இலேயே இதனைப் பதிவு செய்திருக்கின்றனர். மேற்கே, கி.பி. 807இல் பிராங்கிய நாட்டார் கதிரவன் மேல் ஒரு கரும்பொட்டினை 8 நாட்கள் கண்டு, புதன் கோள் கதிரவனுக்குக் குறுக்கே செல்கிறது என்று எழுதி வைத்தனர். ஹிஜ்ரி 225இல், அதாவது கி.பி. 840இல், கலீஃபா முஃதஸிம் ஆட்சியில் கதிரவனின் நடுப்பகுதியில் ஒரு கருமை 91 நாட்கள் தெரிந்ததாகவும், அது வெள்ளிக் கோள் என்று அல்கிந்தி கருதியதாகவும் ஒரு செய்தி உண்டு. ஸ்பெயின் தந்த பேரறிஞர் இப்னு ருஷ்தும் இத்தகைய கருமையைப் புதன் கோள் என்றே எண்ணினார்.

புதனோ வெள்ளியோ கதிரவனைக் குறுக்கே கடக்க எடுத்துக்கொள்வது சில மணி நேரமே. எட்டு நாட்களும் தொண்ணூற்றொரு நாட்களும் அங்கே தங்க அவற்றால் இயலாது. மேலும், புதன் அங்ஙனம் கடக்கும்போது வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. கதிரவன் தன்னைத்தானே சுற்றுவதால் ஒரு கரும்புள்ளி தொடர்ந்து ஏறத்தாழ இரு வாரங்களே நம் பக்கம் இருக்கும். ஆதலால் 91 நாள் கருமை என்பது அடுத்தடுத்து வந்த பல புள்ளிகளாகவோ, சுற்றிச் சுற்றித் திரும்பிய பெரும்புள்ளியாகவோ இருந்திருக்க வேண்டும்.

இத்தகைய பேரறிஞர்கள் ஏன் பிழைபட்டார்கள்? வானுலகப் பொருள்கள் மாசும் மாற்றமும் அற்றவை என்ற யவன அறிஞர் அரிஸ்டாட்டிலின் கொள்கை அவர்கள் அறிவைக் கட்டிப்போட்டிருந்தது. கண் கண்டது, கொள்கை மறுத்தது, ஆகவே கண்டது கோளாயிற்று. நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்னரே கண்டறிந்துவிட்டனர் என்று பெருமை பேசுவது நமக்கு எளிதாக வருகிறது. அவர்கள் எங்கே கண்டார்கள், எங்கே தவறவிட்டார்கள் என்று பிரித்தறிவதே அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை. இப்னுல் ஹைதமே தமக்கு முன்னிருந்த தாலமியின் நூல்களை அப்படித்தான் துருவி ஆராய்ந்தார்.

தொலைநோக்கி வந்த பிறகு

1608இல் ஹாலந்து நாட்டில் தொலைநோக்கி அறிமுகமாயிற்று. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கதிரவனின் மங்கு உறுதிப்பட்டுவிட்டது. 1610 டிசம்பரில் ஆங்கிலேயர் தாமஸ் ஹாரியட் அதனைப் பார்த்து வரைந்தார், ஆயினும் வெளியிடவில்லை. 1611 மார்ச்சில் ஜெர்மனியின் வடகோடிச் சிற்றூர் ஒன்றில் யோஹான்னஸ் ஃபாப்ரிசியுஸ் என்னும் இளைஞர் கண்டார். பாதிரியாரான தம் தந்தையோடு சேர்ந்து, அடிவானத்துக் கதிரவனைத் தொலைநோக்கியால் நேராகப் பார்த்துக் கண்கூசித் துன்புற்ற பின், இருட்டறைத் துளை வழியே வரும் பிம்பத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். புள்ளிகள் நாளுக்கு நாள் ஒரு பக்கமாக நகர்ந்து மறைவதை அவர்கள் கண்டனர். அந்த ஆண்டே ஃபாப்ரிசியுஸ் வெளியிட்ட சிறு நூல்தான் கரும்புள்ளிகளைப் பற்றி அச்சேறிய முதல் நூல்.

பின்னர் கலிலியோவுக்கும், ஷைனர் என்னும் ஏசு சபைத் துறவிக்கும் பெரும் வாதம் மூண்டது. கதிரவனில் மாசு இருக்க இயலாது என்பதால் அவை சுற்றிவரும் சிறு கோள்களே என்றார் ஷைனர். அவை கதிரவனின் பரப்பிலேயே தோன்றி உருமாறி மறைகின்றன என்றார் கலிலியோ. கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி ஓர் எளிய முறையை வகுத்தார். தொலைநோக்கியைக் கதிரவனுக்கு நேரே நிறுத்தி, கண் வைக்கும் இடத்துக்குப் பின்னே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், தாளில் கதிரவனின் வட்டம் விழும். அதன்மேலேயே பென்சிலால் புள்ளிகளைக் குறித்துக்கொள்ளலாம். நானூறு ஆண்டுகள் கடந்தும் பள்ளிகளில் கையாளப்படும் முறை அதுவே.

தெஸ்ஸாவு நகரத்து மருந்துக்கடைக்காரர்

ஜெர்மனியின் தெஸ்ஸாவு நகரில் 1789இல் பிறந்தவர் சாமுவேல் ஹைன்ரிஹ் ஷ்வாபே. குடும்பத் தொழில் மருந்துக்கடை, உள்ளமோ வானத்தில். பகலில் கடையை விட்டு நகர இயலாது. இரவில் உறக்கம் வேண்டும். பகலிலேயே பார்க்கத்தக்க வான்பொருள் கதிரவன் ஒன்றுதானே! 1820களின் நடுவில் ஒரு சிறு தொலைநோக்கி வாங்கிப் பணியைத் தொடங்கினார். 1829இல் கடையை விற்றுவிட்டு முழுநேரமும் அதிலேயே ஈடுபட்டார்.

அவர் தேடியது கரும்புள்ளியை அன்று. புதனுக்கும் கதிரவனுக்கும் இடையே மற்றொரு கோள் இருக்கக்கூடும் என்ற ஐயம் அந்நாளில் இருந்தது. அப்படி ஒன்று இருந்தால் கதிரவனின் குறுக்கே ஒரு சிறு கரும்பொட்டாக அது கடந்து செல்லும். அதனைக் கரும்புள்ளிகளிலிருந்து பிரித்தறிய வேண்டுமானால் எல்லாக் கரும்புள்ளிகளையும் நாள்தோறும் குறித்து வைத்தாக வேண்டும். எனவே மேகம் மறைக்காத ஒவ்வொரு நாளும் குறித்தார். ஆண்டுக்குச் சராசரி 300 நாட்கள் அவர் கதிரவனைக் கண்டார் என்பர்.

தேடிய கோள் கிடைக்கவில்லை. ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்லிற்று. 1828இல் அவர் எண்ணிய புள்ளிக் கூட்டங்கள் 225. புள்ளியே இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. 1833இல் கூட்டங்கள் 33 ஆகக் குறைந்தன. புள்ளியற்ற நாட்கள் 139. 1837இல் மீண்டும் 333 கூட்டங்கள். புள்ளியற்ற நாள் இல்லை. 1843இல் மறுபடியும் 34 கூட்டங்கள். புள்ளியற்ற நாட்கள் 149. ஏறுவதும் இறங்குவதுமாக ஏறத்தாழ பத்தாண்டு வட்டம் ஒன்று உண்டு போலும் என்று அந்த ஆண்டின் இறுதியில் அடக்கமாக எழுதி அனுப்பினார். எவரும் பெரிதாகக் கருதவில்லை. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, பேரறிஞர் ஹம்போல்ட் தம் ‘கோஸ்மோஸ்’ நூலில் அந்த அட்டவணையை வெளியிட்ட பிறகே உலகம் விழித்துக்கொண்டது. 1857இல் லண்டன் அரச வானியல் கழகம் பொற்பதக்கம் அளித்தது. தந்தையின் காணாமற்போன கழுதைகளைத் தேடிச் சென்று அரசாட்சியைப் பெற்றுவந்த சவுலுக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார் அந்த முதியவர். அந்தச் சவுல் நாம் தாலூத் என்று அறிந்த மன்னரே.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். கரும்புள்ளிகள் கலிலியோ காலத்திலிருந்தே தெரிந்தவை. பெரிய பெரிய வான்நிலையங்கள் ஐரோப்பாவில் இருந்தன. இருந்தும் இருநூறு ஆண்டுகளாக இந்த வட்டம் ஏன் புலப்படவில்லை? பார்க்கக் கருவி இருந்தது. தொடர்ந்து பார்க்கும் பொறுமை இல்லை. இன்று பார்த்தது, நாளை மறந்தது என்று இருந்தால் பத்தாண்டு உண்மை எப்படிக் கைக்கு வரும்? ஷ்வாபேயின் தொலைநோக்கி சிறிது, குறிப்பேடு பெரிது. அந்தக் குறிப்பேட்டை 1867 வரை, தம் எழுபத்தெட்டாம் வயது வரை, அவர் நிறுத்தவில்லை.

எண்ணுவோரை எடைபோட்டவர்

ஷ்வாபேயின் செய்தியால் ஊக்கம் பெற்றவர் ஸ்விட்சர்லாந்தின் ருடால்ஃப் வுல்ஃப். 1848இல் அவர் ஓர் அளவு முறையை வகுத்தார். புள்ளிக் கூட்டங்களைப் பத்தால் பெருக்கி, தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மூன்று கூட்டங்களும் அவற்றில் மொத்தம் 12 புள்ளிகளும் இருந்தால் அன்றைய எண் 42. ஆயினும் ஒருவர் கண்ணுக்குத் தெரிவது மற்றொருவர்க்குத் தெரியாது. ஒருவர் கருவி பெரிது, மற்றவர் கருவி சிறிது. எனவே ஒவ்வோர் ஆய்வாளர்க்கும் ஒரு திருத்த எண்ணைக் கணித்து, அதனால் பெருக்கிய பிறகே அவருடைய கணக்கைச் சேர்த்துக்கொண்டார். பழைய குறிப்புகளைத் தேடித் தொகுத்து 1700ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சென்று, வட்டத்தின் சராசரி நீளம் ஏறத்தாழ 11 ஆண்டுகள் என்று நிறுவினார்.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ஒரு செய்தியைக் கேட்டவுடன், அறிவித்தவர் யார், அவர் நினைவாற்றல் எத்தகையது என்று எடைபோடுவது நம் அறிஞர்கள் வகுத்த நெறி. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. வுல்ஃப் எடைபோட்டது கண்ணின் கூர்மையையும் கருவியின் திறனையுமே தவிர மனிதரின் நேர்மையை அன்று. எனினும், அறிவிப்பவரை அறியாமல் அறிவிப்பை ஏற்காத ஒழுங்கு இரண்டிலும் உண்டு. வுல்ஃப் பயன்படுத்திய முதன்மைத் தொலைநோக்கியின் வாய் அகலம் 8 சென்டிமீட்டரே என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த குஸ்டாவ் ஸ்போரர், ஒவ்வொரு வட்டத்தின் தொடக்கத்திலும் புள்ளிகள் கதிரவனின் நடுக்கோட்டிலிருந்து விலகித் தோன்றி, ஆண்டுகள் செல்லச் செல்ல நடுக்கோட்டை நெருங்குவதை ஆராய்ந்து நிலைநாட்டினார்.

ஐந்து நிமிட வெளிச்சம்

ரிச்சர்ட் காரிங்டன் இங்கிலாந்தில் மதுவாலை உரிமையாளர் ஒருவரின் மகன். தந்தையின் செல்வத்தால் ரெட்ஹில் என்னும் ஊரில் சொந்தமாக ஒரு வான்நிலையம் கட்டினார். கதிரவன் ஒரே திடப்பொருளாகச் சுழலவில்லை. நடுப்பகுதி விரைந்தும் துருவப் பக்கங்கள் மெதுவாகவும் சுழல்கின்றன என்பதைப் பல ஆண்டு வரைபடங்களால் மெய்ப்பித்தார்.

1859 செப்டம்பர் 1 அன்று முற்பகல் 11 மணி 18 நிமிடம். வழக்கம்போல் திரையில் விழுந்த கதிரவன் பிம்பத்தில் ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தை வரைந்துகொண்டிருந்தார். திடீரென அக்கூட்டத்தின் நடுவே கண்ணைப் பறிக்கும் இரு வெள்ளொளித் துண்டுகள் தோன்றின. கருவியில் எங்கோ ஓட்டை விழுந்து ஒளி கசிகிறதோ என்று முதலில் ஐயுற்றார். அன்று என்று தெளிந்ததும் சாட்சிக்கு ஒருவரை அழைத்துவர ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பினார். அதற்குள் ஒளி மங்கத் தொடங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நல்வாய்ப்பாக, ஹாட்ஜ்சன் என்னும் மற்றொரு தன்னார்வலரும் தம் வீட்டிலிருந்து அதே நேரத்தில் அதனைக் கண்டிருந்தார். இரு சாட்சிகள் அமைந்தன.

ஏறத்தாழ பதினேழரை மணி நேரத்துக்குப் பின் பூமியின் காந்தப்புலம் கொந்தளித்தது. துருவங்களில் மட்டுமே தெரியும் வான்ஒளி கியூபா, ஹவாய்த் தீவுகள் வரை தெரிந்தது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. சில தடங்களில் மின்கலத்தைக் கழற்றிய பிறகும் தந்தி ஓடியது. பம்பாய்க் கொலாபாவில் இருந்த காந்தமானியும் அந்தக் கொந்தளிப்பைப் பதிவு செய்தது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு உண்டு என்று உலகமே பரபரத்தபோது, ஒருமுறை நிகழ்ந்ததைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்று எச்சரித்தவர் காரிங்டனே. தம் கண்டுபிடிப்பையே ஐயத்துடன் நோக்கிய அந்த அடக்கம் எத்தனை பேருக்கு வாய்க்கும்! தந்தை இறந்தபின் தொழிற்சுமை தோளில் விழ, 1861இல் வான்நிலையத்தை விற்றுவிட்டார். 1875இல், ஷ்வாபே மறைந்த அதே ஆண்டில், ஐம்பதைச் சற்றே நெருங்கிய வயதில் அவரும் மறைந்தார்.

ஒளியே எழுதிய ஓவியம்

வரைபவரின் கை தவறலாம், கண் களைக்கலாம். கதிரவனே தன் உருவத்தை எழுதிக்கொண்டால்? 1845 ஏப்ரல் 2 அன்று பாரிசில் ஃபிசோ, ஃபூக்கோ என்னும் இரு அறிஞர்கள் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை விழச் செய்து கதிரவனைப் படம் பிடித்தனர். புள்ளிகள் தெளிவாக விழுந்தன. 1851 ஜூலை 28 அன்று கோனிக்ஸ்பெர்க் நகரில் பெர்கோவ்ஸ்கி என்னும் படப்பிடிப்பாளர் முழுக் கிரகணத்தின்போது கதிரவனைச் சூழ்ந்த மகுட ஒளியை 84 நொடிகளில் தகட்டில் பதித்தார். அதற்கு உதவிய தொலைநோக்கியின் வாய் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்.

இக்கலையை நாள்தோறும் செய்யும் பணியாக மாற்றியவர் வாரன் டி லா ரூ. அஞ்சல் உறை, சீட்டுக்கட்டு, எழுதுதாள் ஆகியவற்றைச் செய்து விற்ற குடும்பத்தவர். கதிரவனைப் படம் பிடிப்பதற்கென்றே அவர் வடிவமைத்த கருவி கியூ வான்நிலையத்தில் நிறுவப்பட்டு, 1858 முதல் படமெடுத்தது. அதன் வாய் 3.4 அங்குலமே. 1860இல் அக்கருவியை ஸ்பெயினுக்குக் கொண்டுசென்று ஜூலை 18 கிரகணத்தைப் படம் பிடித்தார். விளிம்பில் தோன்றும் செந்தழல் நாக்குகள் சந்திரனுக்கு உரியவையா, கதிரவனுக்கு உரியவையா என்று அதுவரை வழக்கு நடந்து வந்தது. சந்திரன் நகர நகர ஒரு பக்கத் தழல்களை மறைப்பதும் மறுபக்கத்தில் வெளிப்படுத்துவதும் படங்களில் பதிந்தன. தழல்கள் கதிரவனுக்கே உரியவை என்று தீர்ப்பாயிற்று.

கோடைமலைக்கு வந்தவர்

இவ்வரலாற்றில் நம் தமிழ் மண்ணுக்கும் இடம் உண்டு. அதன் பின்னே ஒரு பெருந்துயரமும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். கரும்புள்ளி குறையும் காலத்தில் மழை பொய்க்கிறது என்றொரு கருத்தை அப்போது சிலர் முன்வைத்தனர். அந்தத் தொடர்பு அவர்கள் எண்ணிய அளவுக்கு உறுதிப்படவில்லை. ஆனால், கதிரவனை இந்திய மண்ணில் தொடர்ந்து ஆராய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வு நிலையம் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கே மேகமற்ற நாள்தோறும் எடுக்கப்பட்டு வரும் படங்கள் ஒரு நூற்றாண்டையும் கடந்த கருவூலமாக விளங்குகின்றன.

1907இல் அங்கே பணியேற்ற ஜான் எவர்ஷெட், இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே கருவிகளை அமைத்துக் கதிரவனை ஆராய்ந்த தன்னார்வலராக இருந்தவர். 1909 ஜனவரி 5 அன்று, கரும்புள்ளியின் புறநிழற் பகுதியில் வளிகள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலையின் துணையால் கண்டுபிடித்தார். இன்றும் உலகெங்கும் அது ‘எவர்ஷெட் விளைவு’ என்றே வழங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்காவில் ஹேல் என்னும் அறிஞர், கரும்புள்ளிகள் வலிமைமிக்க காந்தப்புலம் உடையவை என்று மெய்ப்பித்திருந்தார். உள்ளிருந்து மேலெழும் வெப்பத்தை அக்காந்தப்புலம் தடுப்பதால், சுற்றியுள்ள பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ் இருக்க, புள்ளி ஆயிரம் இரண்டாயிரம் பாகை குளிர்ந்து கருத்துத் தோன்றுகிறது. தனியே எடுத்து வைத்தால் அதுவும் கண்கூச ஒளிரும். பேரொளியின் நடுவே சற்றுக் குறைந்த ஒளி கறையாகத் தெரிகிறது, அவ்வளவே.

தோக்கியோ நகரில் போர்க்காலமான 1944இல் ஹிசாகோ கொயாமா என்னும் பெண்மணி, தந்தை அளித்த சிறு தொலைநோக்கியால் கரும்புள்ளிகளை வரையத் தொடங்கினார். பின்னர் அந்நகரத்து அறிவியல் அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வரைந்தவை 10,000க்கும் மேற்பட்ட படங்கள். ஒரே மனிதர், ஒரே முறை, இத்தனை நீண்ட காலம்! நானூறு ஆண்டுக் கரும்புள்ளிக் கணக்கைச் சரிபார்க்கும் அறிஞர்கள் இன்று அவருடைய ஏடுகளை உரைகல்லாகக் கொள்கின்றனர்.

இன்றைக்கு நம் கையில்

இன்று கதிரவனை விண்கலங்களே நோக்குகின்றன. 2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அவர்கள் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆயினும் சிறு தொலைநோக்கிகளின் பணி ஓய்ந்துவிடவில்லை. வுல்ஃப் தொடங்கிய கணக்கு இப்போது பெல்ஜிய நாட்டு பிரஸ்ஸல்சில் தொகுக்கப்படுகிறது. பல நாடுகளிலிருந்து அதற்குக் கணக்கு அனுப்புவோருள் பெரும்பகுதியினர் தன்னார்வலர்களே. 2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆம் வட்டம் 2024ஐ ஒட்டி உச்சமடைந்தது. அவ்வாண்டு மே மாதம் எழுந்த பெரும் காந்தப் புயலால் லடாக்கிலும் வானம் செவ்வொளி காட்டியது.

வீட்டில் இளைஞர்கள் இப்பணியில் இறங்க விரும்பினால் 6 முதல் 8 சென்டிமீட்டர் வாயுள்ள தொலைநோக்கி போதும். காஸ்டெல்லி காட்டிய வழியில் தாளில் பிம்பம் வீழ்த்தி வரைவது முதற்படி. படம் பிடிக்க வேண்டுமாயின், கதிரவனுக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டித் தகட்டைத் தொலைநோக்கியின் முன்வாயில் இறுகப் பொருத்த வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் திருகும் கறுப்புக் கண்ணாடி வெப்பத்தால் வெடிக்கும். அதனைத் தொடவே கூடாது. பக்கத்தில் உள்ள குறிநோக்கியின் வாயையும் மூடிவிட வேண்டும். எக்ஸ்ரே படச்சுருள், புகையேற்றிய கண்ணாடி, வெயில் கண்ணாடி ஆகிய எவையும் காக்கமாட்டா. விழித்திரைக்கு வலி தெரியாது. சுடுவதை அறியுமுன் பார்வை போய்விடும். அல்பீரூனிக்கு இந்த எச்சரிக்கையைச் சொல்ல எவரும் இருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோம்.

படம் பிடிப்போர் காலை வேளையைத் தேர்வர். தரை சூடேறிவிட்டால் காற்று நடுங்கிப் படம் கலங்கும். அதனால் இக்காலத்தார் ஒரே படத்தை நம்பாமல், சில நொடிகளில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, நடுக்கம் குறைந்தவற்றைக் கணிப்பொறியால் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தெளிந்த உருவத்தைப் பெறுகின்றனர். ஹைட்ரஜனின் செந்நிற ஒளியை மட்டும் விடும் சிறப்பு வடிகட்டி கொண்ட கருவியில், கிரகணம் இல்லாத நாளிலும் செந்தழல் நாக்குகளைக் காணலாம். டி லா ரூ அதற்காகக் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது.

கருவிகள் வளர்ந்துவிட்டன. ஆனால் அழகிய படம் ஒன்றை எடுத்து நாலு பேருக்குக் காட்டிவிட்டு மறப்பதற்கும், ஷ்வாபேயின் குறிப்பேட்டுக்கும் இடையே பெரும் தொலைவு இருக்கிறது. படத்தின் கீழே நாள், நேரம், இடம், கருவி ஆகிய நான்கும் இல்லையேல் அது சனது இல்லாத செய்தியைப் போன்றது; ரசிக்கலாம், சான்றாகக் கொள்ள இயலாது. புள்ளியே இல்லாத நாளில் ‘இன்று ஏதும் இல்லை’ என்று எழுதுவதற்கும் ஒரு நேர்மை வேண்டும். 1843இல் ஷ்வாபே அவ்வாறு 149 முறை எழுதினார். அந்த வெற்று வரிகள் இல்லாமல் வட்டம் புலப்பட்டிருக்காது.

பாங்கோசைக்கு முன் நிழலை அளந்து நேரம் குறித்த முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி, ஒரு சிறு தொலைநோக்கியும் ஒரு நாற்பது பக்க நோட்டும் கொண்டு பதினோர் ஆண்டுகள் விடாமல் எழுதி வந்தால், ஒரு முழு வட்டம் அந்த ஏட்டில் அடங்கிவிடும். முதல் பக்கத்தை எழுதும்போது பள்ளிச் சிறுவராக இருந்தவர், கடைசிப் பக்கத்தை எழுதும்போது குடும்பம் நடத்துபவராக இருப்பார். அந்த ஏட்டினைப் பெற்றோர் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல் இருந்தால் போதும்.